தொண்ணூறு நாள் வாய்ப்பூட்டு

ஜனவரி 9

அன்பும் பாசமும் அவ்வப்போது கொஞ்சம் பயமும் உண்டாக்கும் அக்காவுக்கு,

இதனால் உலகத்தார் அனைவருக்கும், குறிப்பாக வெளியூரில் லிஃப்ட் கம்பெனியில் ஏறி இறங்கிப் பிழைக்கும் என் ஒரே அக்காவுக்கும், முறைப்படி அறிவித்துக்கொள்வது என்னவென்றால்: நம் வீட்டு முன்கதவுத் தாழ்ப்பாள் இன்று காலை பத்து மணி முதல் சத்தம் போடுவதை நிறுத்திக்கொண்டது.

நான் பிறந்து பதினேழு வருடமாகக் கிரீச்சிட்ட தாழ்ப்பாள். தச்சர் இரண்டு முறை வந்து தோற்றுப்போன தாழ்ப்பாள். நான் ஒரே நிமிடத்தில் முடித்தேன். எப்படி என்று கேட்காதே, தொழில் ரகசியம். அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே, "சத்தம் வரலைன்னா நீ எப்ப வர்றே எப்ப போறேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். "அதுக்குத்தாம்மா" என்றேன். இஞ்ச் டேப் பறந்து வந்தது.

'மின்னஞ்சலைத் திறந்தாலே புகார்தான், வீட்டுச் செய்தியாவது தபாலில் வரட்டும்' என்று நீ சொன்னதால் பேனா பிடித்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் படிக்கும் தண்டனை உனக்கு.

அம்மா இன்னும் துணி தைக்க வருகிறவர்களிடம் 'என் பொண்ணு நூலகம் நடத்துறா' என்றுதான் சொல்கிறாள். ஒருத்தர் உறுப்பினர் அட்டை கேட்டுவிட்டார். மறுபடி விளக்கினேன்: "அது புத்தகம் இல்லாத நூலகம்மா. ரகசியத்தைப் பூட்டி வைக்கிற நிரல். உன் கஸ்டமருங்க உனக்கு அளவு அனுப்புற செயலி இருக்கே, அதுகூட அக்கா எழுதினதைத்தான் எடுத்து வச்சிருக்கு. யார் வேணா சும்மா எடுத்துக்கலாம்."

"சும்மாவா? அப்ப அவங்கல்லாம் அக்காகிட்ட ரொம்ப மரியாதையா இருப்பாங்க."

"அங்கதாம்மா நீ தப்புக்கணக்குப் போடறே."

உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? நான் உனக்குத் தெரியாமல் உனக்கு ஓர் உதவி செய்து வைத்திருக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. உன் பிறந்தநாளன்று சொல்வேன். நீ ஆனந்தக் கண்ணீர் விடத் துண்டு எடுத்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
தாழ்ப்பாள் வென்றான்

---

ஜனவரி 20

அன்புள்ள வாலு,

நலம். மணிக்கட்டு பட்டை போட்டுக்கொண்டு நலம். அம்மாவின் புதுக் கண்ணாடி இன்னும் கண்ணில்தான் இருக்கிறதா, மெஷின் டிராயருக்குப் போய்விட்டதா?

என்ன ரகசிய உதவி? போன தடவை என் செருப்பைக் கழுவுகிறேன் என்று ஒட்டுப் பிரித்தாயே, அந்த மாதிரியா?

இங்கே ஒரு செய்தி. பதினோராம் தேதி ஒரு ஆராய்ச்சியாளர் எழுதினார். நூலகத்தில் ஒரு ஓட்டை இருக்கிறதாம். சரிபார்த்தேன், இருக்கிறது. பெரிய ஓட்டைதான். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு: கண்டுபிடித்தவர் தொண்ணூறு நாள் வாயைத் திறக்கமாட்டார், நானும் திறக்கக்கூடாது. அதற்குள் அடைத்து, எல்லோரும் புதுப் பதிப்புக்கு மாறிய பிறகுதான் எந்த வரியில் ஓட்டை என்று வெளியே சொல்வோம். முன்னாலேயே சொன்னால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி. அதனால் உனக்கும் சொல்லமாட்டேன். ஏப்ரல் பதினொன்று வரை வாய்ப்பூட்டு.

அந்தச் செயலிக் கம்பெனிக்கு முறைப்படி ரகசியமாகத் தெரிவித்தேன். அவர்கள் மறுநாளே, 'நாங்கள் நம்பியிருந்த ஒரு நூலகத்தில் கவனக்குறைவால் கடும் பிழை' என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். என்ன பிழை என்று சொல்லவில்லை, யாருடைய நூலகம் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மாவிடம் அவ்வளவு மட்டும் சொல்.

அக்கா

---

ஜனவரி 29

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் நீ நலமா, மணிக்கட்டு நலமா, மணிக்கட்டின் பட்டை நலமா.

அந்த அறிவிப்பைப் படித்தேன். 'கவனக்குறைவு.' யாருக்குக் கவனக்குறைவு? நீ காலை ஐந்தரைக்கு எழுந்து, லிஃப்ட் கம்பெனிக்குக் கிளம்புவதற்குள் இரண்டு மணி நேரம் அதில் உட்காருகிறாய். பதினொரு வருடமாக. அவர்கள் மாடியில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அந்த முந்நூறு பேரில் ஒரே ஒருத்தர், ஒரே ஒரு நாள், உன் நிரலில் ஒரே ஒரு வரியைப் படித்துப் பார்த்திருக்கிறாரா? எடுத்துக்கொள்ளும்போது கூச்சமில்லை, குறை சொல்லும்போது குரல் எட்டுக்கட்டை.

எனவே நடவடிக்கையில் இறங்கினேன். அவர்களுடைய குறைதீர்ப்புப் படிவத்தில் இப்படி எழுதினேன்: 'ஐயா, நான் ஒரு பூட்டு. பதினொரு வருடமாகச் சம்பளமில்லாமல் உங்கள் வாசலில் தொங்குகிறேன். என்னைச் செய்தவருக்கு ஒரு வாய் தண்ணீராவது கொடுத்தீர்களா? இப்படிக்கு, உங்கள் உண்மையுள்ள பூட்டு.'

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய பூட்டு அவர்களே, தங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

பகலில் நட்சத்திரம் தெரியும்படி ஏதாவது செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொதிநிலையில் இருக்கும் தம்பி

---

பிப்ரவரி 14

அன்புள்ள வாலு,

பூட்டின் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது என்று சிரித்த பிறகுதான் தெரிந்தது. இனி அப்படிச் செய்யாதே.

நேற்று வந்த மின்னஞ்சல்களில் சில. ஒருவர்: 'இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தேவை.' இன்னொருவர்: 'முடியலைன்னா விட்டுட்டுப் போங்க, வேற ஆள் பார்த்துப்பாங்க.' இவர் நான்கு வருடமாகக் கேள்வி கேட்டு என்னிடம் பதில் வாங்கியவர். மூன்றாமவர் திட்டவே இல்லை; அவருடைய பரீட்சைக்கு உதவி கேட்டிருக்கிறார்.

நீ நினைப்பதுபோல இல்லை, வாலு. கம்பெனி சொன்ன விதம் கேவலம். சொன்ன விஷயம் சரி. அந்த வரியை மாற்றியவர் யார் என்று பதிவேட்டில் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதியவர் பெயர், தேதி, நேரம், ரகசியக் கையொப்பம் எல்லாம் அதில் இருக்கும். என் பெயர். என் கையொப்பம். என் கணினியைத் தவிர வேறெங்கிருந்தும் அந்தக் கையொப்பம் வராது.

ஆனால் அதை எழுதின ஞாபகம் எனக்கு இல்லை. துளிக்கூட இல்லை. தொடவே கூடாது என்று நானே குறிப்பு எழுதி வைத்த இடம் அது. அந்தக் குறிப்பையும் நானே அழித்திருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம்.

அக்கா

---

பிப்ரவரி 24

அக்கா,

நலம், நலமறிய ஆவல், அதைவிட ஒருத்தன் கழுத்தை நெரிக்க ஆவல்.

நீ எழுதியிருக்கமாட்டாய். இரண்டும் இரண்டும் நாலா என்று கேட்டால்கூட 'எந்தக் கணக்கில்' என்று திருப்பிக் கேட்பவள் நீ. பால் பாக்கெட்டின் தேதியை மூன்று முறை பார்ப்பவள். எவனோ உன் பெயரைப் போட்டு உள்ளே நுழைத்திருக்கிறான். நன்றாக விசாரி. ஆராய்ச்சியாளரைப் பிடி. கம்பெனிக்காரனே செய்திருப்பான், உன்னைத் துரத்திவிட்டு நூலகத்தை எடுத்துக்கொள்ள.

அவன் யாராக இருந்தாலும் இந்த நிமிடம் சபிக்கிறேன். அவன் உட்காருகிற நாற்காலியெல்லாம் ஒரு கால் குட்டையாக இருக்கட்டும். அவன் டீயில் எப்போதும் ஆடை மிதக்கட்டும். அவசரமாகக் கிளம்பும்போதெல்லாம் அவன் செருப்பு ஒற்றையாகவே கிடைக்கட்டும். தும்மல் வருகிற மாதிரி வந்து வராமலே போகட்டும், ஆயுசு முழுக்க.

பள்ளியில் 'உங்க அக்காதான் அந்த ஓட்டை நூலகமா?' என்று ஒருத்தன் கேட்டான். அவன் மதியச் சாப்பாட்டு டப்பா மூடி இப்போது பள்ளிக் கொடிக்கம்பத்தில் இருக்கிறது. மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன். பெருமையாக நின்றேன்.

மனசு சரியில்லாதபோது இதை நினைத்துக்கொள்: என் ரகசிய உதவி உன் பிறந்தநாளுக்காகக் காத்திருக்கிறது. உனக்காக நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது.

இப்படிக்கு,
உன் படைத்தளபதி (படை வரும் வரை தனியாக)

---

மார்ச் 18

அன்புள்ள தம்பி,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அதைத்தான் டாக்டரும் சொன்னார். மறதிக்குப் போய்ப் பார்த்தேன். ஏதேதோ வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு மாதமாகக் காலையில் புதிதாக எதுவும் எழுதவில்லை. பதினொரு வருடத்தில் எழுதியதை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும், இதையும் நான் அறியாமல் எழுதினேனா என்று நிற்கிறேன். நேற்று லிஃப்ட் கம்பெனியில், கதவு மூடிய பிறகுதான் லிஃப்ட் நகரவேண்டும் என்ற சோதனையை ஏழு முறை ஓட்டினேன். மேலாளர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

திட்டுகிறவர்களைத் தாங்கிக்கொள்வேன், வாலு. பழக்கம்தான். என் கை செய்தது எனக்கே தெரியவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஜனங்களின் ரகசியத்தை அப்படிப்பட்ட கையில் வைக்கக்கூடாது.

கம்பெனி கேட்டிருக்கிறது. ஏப்ரல் முப்பதாம் தேதி நூலகத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன்.

அக்கா

---

மார்ச் 25

அக்கா,

கொடுக்காதே.

நலம் விசாரிப்பு அடுத்த பத்தியில். முதலில் இது: கொடுக்காதே. பதினொரு வருடம் கண் திறக்காதவர்களுக்கு அதைக் கொடுக்கவா காலை ஐந்தரைக்கு எழுந்தாய்? அவர்கள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'சும்மா' என்ற சொல்லுக்கே ஒரு விலை போடுவார்கள். நீ போன பிறகு பொன்னாடை போர்த்துகிற மாதிரி ஓர் அறிவிப்பு விடுவார்கள். அதிலும் உன் பெயரைத் தப்பாக எழுதுவார்கள்.

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? 'சாப்பிடுகிறேன்' என்று மட்டும் எழுதாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் கைக்கு ஒன்றுமில்லை. டாக்டரே சொல்லிவிட்டார். ஏப்ரல் பதினொன்று வரட்டும். அந்த வரியை எனக்குக் காட்டு. எனக்கு நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தவளே நீ, உன் எழுத்தும் அடுத்தவன் எழுத்தும் எனக்குத் தெரியாதா? உன்னோடு ஒரே மேசையில் படித்தவன் நான், முக்கால் மேசை உனக்கு, கால் மேசை எனக்கு. எவன் எழுதினான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறேன். சொல்லாவிட்டால் என் காதை அறுத்துத் தபாலில் அனுப்புகிறேன். தபால் தலையை மட்டும் நீயே ஒட்டிக்கொள்.

இப்படிக்கு,
துப்பறியும் தம்பி

---

ஏப்ரல் 12

அன்புள்ள வாலு,

நலம். நேற்று ரவா உப்புமா, மிச்சம் இன்று காலையும் அதே. போதுமா?

திருத்தம் வெளியாகிவிட்டது. வாய்ப்பூட்டு கழன்றது. இனி சொல்லலாம்.

ஒரு காவலாளியை நினைத்துக்கொள். வருகிறவர் முப்பத்திரண்டு எழுத்துள்ள ரகசியச் சொல்லைச் சொல்லவேண்டும். முதல் எழுத்தே தப்பு என்றால் காவலாளி உடனே 'போ' என்கிறான். ஐந்தாவது எழுத்தில் தப்பு என்றால் கொஞ்சம் தாமதித்து 'போ' என்கிறான். வெளியே கடிகாரத்தோடு நிற்கும் திருடனுக்கு அந்தத் தாமதம் போதும். எத்தனை எழுத்து சரி என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றாக முழுச் சொல்லையும் பிடித்துவிடுவான். அதனால் நல்ல காவலாளி, முதல் எழுத்தே தப்பானாலும், முப்பத்திரண்டையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது முட்டாள்தனமாக, மந்தமாகத் தெரியும். அந்த மந்தம்தான் காவல்.

நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். மேலே 'அவசரப்படாதே, கடைசி வரை பார்' என்று குறிப்பும் எழுதியிருந்தேன். போன மே மாதம் பதினேழாம் தேதி காலை, அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, முதல் தப்பிலேயே நிறுத்தும்படி மாற்றியிருக்கிறேன். காரணம் எழுதும் இடத்தில் 'சிறு சீரமைப்பு' என்று இருக்கிறது. அச்சாக நான் எழுதுகிற மாதிரியேதான்.

அன்று நான் நம் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றப் போனோம். கிளம்புகிற அவசரத்தில் தட்டியிருக்கவேண்டும். அதைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அந்த வரியை இத்துடன் எழுதி அனுப்புகிறேன். நீதான் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன் என்றாயே. காதை அறுக்கவேண்டாம். முப்பதாம் தேதிக் காகிதம் தயாராகிவிட்டது.

அக்கா

---

ஏப்ரல் 21

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் தம்பி ஒரு வாரமாகச் சரியில்லை. காய்ச்சல் இல்லை, தொட்டுப் பார்த்தேன். உன் கடிதம் வந்த அன்று படித்துக்கொண்டே சிரித்தான், பிறகு எழுந்து போய்விட்டான். அதிலிருந்து பேச்சில்லை. நேற்று நானே, "இந்த ஜாக்கெட்டுக்குக் கை நீளமா இருக்காடா?" என்று வாயைக் கிளறினேன். எப்போதும் பத்து பதில் சொல்கிறவன், "நல்லாருக்கும்மா" என்றான். எனக்குப் பயமாகிவிட்டது.

அலமாரியில் என் பைகளையெல்லாம் கொட்டி எதையோ தேடுகிறான். என்னவென்று கேட்டால் சொல்வதில்லை. நீ ஏதாவது திட்டி எழுதினாயா?

அந்த முன்கதவு வேறு காற்றுக்குத் தானாகத் திறந்துகொள்கிறது. நான் ஸ்டூலைச் சாய்த்து வைத்துத்தான் படுக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

---

ஏப்ரல் 23

அக்கா,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

இத்துடன் ஒரு ரசீது வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கடை ரசீது. அம்மாவின் ஐந்தாவது பையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. தேதி மே பதினேழு. கீழே நேரம் அச்சாகியிருக்கிறது, பார்: காலை 11.25. பதிவேட்டைத் திறந்து, அந்த வரி மாறிய நேரத்தைப் பார். நான் பார்த்துவிட்டேன், 11.20. அந்த நேரத்தில் நீ கண்ணாடிக் கடையில் அம்மாவின் மூக்கில் சட்டங்களை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாய். கடை பஸ் ஏறிப் போகிற தூரம். வீட்டில் உன் கணினி முன்னால் இருந்தது நான்.

உன் கை எழுதவில்லை, அக்கா. அதனால்தான் உன் கைக்கு ஞாபகம் இல்லை.

வெளியில் எங்கே போனாலும் கணினியைப் பூட்டிவிட்டுப் போகிறவள், அன்று திறந்தபடியே விட்டுப் போனாய். "நம்ம வீடுதானே" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய். கையொப்பமும் திறந்தே இருந்தது. நான் சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தேன். 'அவசரப்படாதே, கடைசி வரை பார்' என்ற குறிப்பைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. முதல் எழுத்தே தப்பு என்றால் மிச்சத்தை எதற்குப் பார்க்கவேண்டும், அக்காவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், எத்தனையோ மடங்கு வேகம். 'சிறு சீரமைப்பு' என்று உன்னை மாதிரியே எழுதி, உன் பெயரிலேயே அனுப்பிவிட்டு, போய்க் கிரிக்கெட் ஆடினேன்.

பிறந்தநாளுக்காக வைத்திருந்த ரகசிய உதவி அதுதான்.

உன் கடிதத்தில் அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் யார் எழுதினார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்த விஷயத்தில் நான் சொன்னபடி நடந்துகொண்டேன். முதலில் சிரித்தேன், 'அட, நம்ம வரி' என்று. பிறகு உன் கடிதத்தில் மேலே போய்க் காவலாளி கதையை மறுபடி படித்தேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது இதை எழுத. அதில் ஐந்து நாள் ரசீது தேடினேன். மீதி நான்கு நாளும் பயம்தான், வேறு பெயர் சொல்ல வராது.

பிப்ரவரியில் நான் விட்ட சாபமெல்லாம் விலாசம் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது. நேற்று என் செருப்பு ஒற்றையாகத்தான் கிடைத்தது.

உன்னைக் கேட்காமலே நான் இன்னொன்று செய்துவிட்டேன். கோபப்படாதே. நூலகத்தின் பொதுப் பக்கத்தில் இதையெல்லாம் என் சொந்தப் பெயரில் எழுதிவிட்டேன், பூட்டு பெயரில் இல்லை. ரசீதின் படத்தையும் போட்டேன். இந்த முறை நான்கு நிமிடத்தில் கம்பெனியிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஒருத்தர் மட்டும், 'அப்படியென்றால் எட்டு மாதம் இதை யாருமே படிக்கவில்லையா?' என்று கேட்டிருக்கிறார். இத்தனை நாள் தொண்டை கிழிய நான் கேட்ட கேள்வி அதுதான். எட்டு மாதம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதை நம்பி அவர்கள் செயலி ஓடியிருக்கிறது. முந்நூறு பேரும் கும்பிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் குற்றவாளி என்பதால் அவர்கள் யோக்கியர்களாகிவிட முடியாது. இந்த ஒரு விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது, ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

முப்பதாம் தேதி கையெழுத்துப் போடாதே. திட்ட வேண்டுமானால் தபாலில் திட்டாதே, போனில் கூப்பிடு. நான் முப்பத்திரண்டு எழுத்தையும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்தினாள். அவள் நிறுத்தி நான் பார்த்ததில்லை. "அக்காவுக்கு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி. ஜனவரியில் முறைப்படி அறிவித்தேனே, அந்தத் தாழ்ப்பாள். அதையும் நான் சரிசெய்யவில்லை. சத்தம் போட்ட ஆணியைக் கழற்றிவிட்டேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து கதவு சரியாகப் பூட்டுவதில்லை. ஆணி என் பேனா டப்பாவில் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து மாட்டிவிடுகிறேன். கிரீச்சிடும், பரவாயில்லை.

உன் தம்பி